அம்மா சிரிக்காத காமெடியன்

முபாஷிருக்கு வாய் முளைத்த பிறகுதான் பல்லே முளைத்தது என்று ராயபுரத்தில் சொல்வார்கள். பள்ளியில் வாத்தியார் மாதிரி பேசிக் காட்டி வாத்தியாரிடமே உதை வாங்கினான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டி, பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டான். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை கிடைத்தது. முதலாளி தும்முவதைப் போல முதலாளிக்குப் பின்னால் நின்று தும்மி, அதையும் தொலைத்தான். இந்த வாயை வைத்துக்கொண்டு உள்ளூரில் பிழைக்க முடியாது என்பது அவனுக்கே புரிந்தபோது கனடாவுக்கு விசா வந்தது.

டொராண்டோவில் பகலெல்லாம் குளிர்கிடங்கில் கோழிப் பெட்டி அடுக்கினான். மாலையில் மைக்கைப் பிடித்தான். தனியாக மேடையேறி, பேசியே சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி. இதைப் போனில் கேட்ட அவன் அம்மா அஜீசாவுக்கு ஒரே கவலை.

"நின்னுகினே பண்ற வேலயா? காலு இன்னாத்துக்கு ஆவறது? குந்திகினு பண்ற மாரி ஒண்ணும் கெடைக்கலயா?"

அவன் சரக்கெல்லாம் சொந்தத் தெருச் சரக்குதான். தண்ணீர் லாரி வரிசையில் இடம் போட, குடத்துக்கு முக்காடு போட்டு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கும் அம்மா. அளவெடுக்காமல் கண்ணாலேயே பார்த்துப் பேண்ட் தைத்து, தெருவையே ஒரு காலைத் தூக்கி நடக்கவைத்த டெய்லர் உபைதுல்லா. அங்கிருக்கும் தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். கோழிக்கு விடை கொடுத்தான்.

ஆனாலும் மனசில் ஒரு குறை. அஜீசா மகனுடைய ஜோக்குக்கு இதுநாள்வரை சிரித்ததே இல்லை. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளும்போது, "வாய மூடிகினு துன்னு" என்பாள். டொராண்டோவே சிரித்தாலும் அம்மா சிரிக்காதவரை தான் காமெடியனே இல்லை என்பது அவன் கட்சி. அதற்காகவே விமானம் ஏறி வந்து, வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, முதல் வரிசையில் அம்மாவை உட்கார வைத்தான்.

மேடையேறிக் குடத்துக் கதையை எடுத்தான். டொராண்டோவில் சீட்டை விட்டு எழுந்து கைதட்டும் இடம் வந்தது. இங்கேயும் ஒருத்தர் எழுந்தார். எதிர்வீட்டுச் சொக்கம்மாள்.

"இன்னாடா உளறிகினு கீற? முக்காடு போட்டது என் கொடம். உங்கம்மா கொடத்துக்கு மூடியே கெடயாது."

சபை அதை ஆமோதித்தது. எந்த வருஷம், எந்த லாரி என்று பின்வரிசையில் விவாதம் கிளம்பியது. முபாஷிர் அவசரமாக டெய்லர் கதைக்குத் தாவினான். முடிக்கும் முன்பே உபைதுல்லா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறிவிட்டார்.

"நீ ஓட்டிட்டல்ல? மைக்க குடு. இப்ப என் டர்னு."

"மாமு, ஷோ நடந்துகினு கீது..."

"அதான் நானும் வந்துகீறேன்."

அதுதான் தெருவின் சட்டம். யாரையும் முகத்துக்கு நேரே கேலி செய்து எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் கேலிக்கு ஆளானவர் திருப்பி ஓட்டி முடிக்கும்வரை ஓட்டியவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. வெளிநாட்டில், பதில் பேசாத ஜனங்களிடம் பழகிப் போனதில் பாவி இதை மறந்திருந்தான்.

"பேண்ட்ட நான் நேராத்தான் தெச்சேன்," என்றார் உபைதுல்லா. "இவந்தான் ஒரு பக்கமா சாஞ்சி நடப்பான். பக்கத்து பெஞ்சு பையன் பரிட்ச பேப்பர எட்டிப் பாத்துப் பாத்து ஒடம்பே கோணிக்கிச்சி!"

மண்டபம் அதிர்ந்தது. அன்று மாலை விழுந்த முதல் சிரிப்பு. அது முபாஷிருக்கு விழவில்லை. அடுத்துச் சொக்கம்மாள் ஏறி இன்னும் இரண்டு போட்டாள். காமெடியன் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அம்மாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அவளும் மேடைக்கே வந்தாள்.

"வாரா வாரம் போன் பண்ணுவான்," என்று மைக்கில் ஆரம்பித்தாள் அஜீசா. "'சாப்ட்டியாம்மா?'ன்னு கேப்பான். நானும் 'சாப்ட்டேன், சாப்ட்டேன்'னு சொல்லிகினு இருந்தேன். ஒரு தபா, சும்மா பாப்பமேன்னு, 'இல்லடா'ன்னேன். 'சூப்பர்ம்மா'ன்னான்."

கூட்டம் குலுங்கியது.

"அடுத்த தபா, 'மூணு நாளா அடுப்பே பத்த வெக்கலடா'ன்னேன். 'ரொம்ப நல்லதும்மா'ன்னான். போன வாரம், 'நான் செத்து மவுத்தாயிட்டேன்டா'ன்னேன். 'சரிம்மா, மாத்திரைய கரிக்டா போட்டுக்கோ'ன்னு வெச்சிட்டான்!"

மண்டபமே புரண்டது. உபைதுல்லா நாற்காலியோடு சாய்ந்தார். இதையெல்லாம் பார்த்துவிட்டு அஜீசாவும் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்காகத்தானே கடல் தாண்டி வந்தான்? முபாஷிரும் சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சொன்னதில் ஒன்றைக்கூடப் போனில் கேட்டதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் அஜீசா மைக்கை அவன் கையில் திணித்தாள். இப்போது அவன் டர்ன். பதிலடி என்னவோ என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"சாப்ட்டியாம்மா?"

பதில் வரும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் இல்லடா," என்றாள் அஜீசா. "நீ ஊருக்கு வந்ததுலேர்ந்து ஒருவேள கூட ஒக்காந்து என்கூட துன்னல. பசி உயிரு போவுது, வா."

நிகழ்ச்சி பாதிகூட முடியவில்லை. முபாஷிர் மைக்கை உபைதுல்லாவிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான்.