ஈனிட் அடித்த அறிவிப்பு

இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு பூட்ஸ் தொழிற்சாலை. எழுபதுகளில் அதன் தட்டச்சு அறையில் எனக்குப் பக்கத்து மேசை ஈனிட் செட்டிலுடையது. நாற்பதை நெருங்கியவள், கல்யாணம் ஆகாதவள். மழை நாட்களில் தோல் வாசனையும் ஈரக் கோட்டுகளின் வாசனையும் அந்த அறையில் கலந்து கிடக்கும். இன்றும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

மேலாளர் மாறும்போதெல்லாம் புது வார்த்தை ஒன்று வரும். ஒருவர் ‘ரீஆர்கனைஸ்’ என்றார். தையல் பெண்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். அடுத்தவர் ‘ரேஷனலைஸ்’ என்றார். லாரி ஓட்டுநர்கள் போனார்கள். அதற்கடுத்தவரின் ‘ஸ்ட்ரீம்லைன்’ கேன்டீனில் சூடான சாப்பாட்டை நிறுத்தியது.

“வார்த்தை நீள நீள ஆளு குறையுது கண்ணு” என்பாள் ஈனிட்.

ஒரு நவம்பர் காலை, புது மேலாளர் பார்ஜிட்டர் ஒரு அறிவிப்பை அடிக்கக் கொடுத்தார். தோல் வெட்டும் பிரிவு ‘ரீஸ்ட்ரக்சர்’ செய்யப்படும் என்று அதில் இருந்தது.

“அப்படின்னா என்ன சார்?”

“மாத்தி அமைக்கிறது.”

“அங்க இருக்கிற ஆளுங்களை?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிறிஸ்துமஸோட அவங்களுக்கு வேலை இல்லை. ஆனா தலைமை அலுவலகம் சொன்ன வார்த்தை இதுதான், மிஸ் செட்டில். அப்படியே அடிங்க.”

ஈனிட் அப்படியே அடிக்கவில்லை. ‘தோல் வெட்டும் பிரிவு மூடப்படுகிறது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அங்கே யாருக்கும் வேலை இல்லை’ என்று அடித்தாள். தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்ஜிட்டர் கையெழுத்துப் போட்டார். பத்து மணி தேநீருக்குள் அது பலகையில் ஏறிவிட்டது.

விஷயம் தெரிந்து அவர் இறங்கி வந்தபோது, இவளுக்கும் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் பலகைக்கு முன்னால் நின்று அதைப் படித்தார். “இனி கிழிச்சு என்ன பிரயோஜனம். இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். நாங்கள் ஈனிட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம்.

மறுநாள் தோல் வெட்டும் வில்ஃப் டெபட் எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். படுக்கையோடு கிடக்கும் அப்பாவோடு வாழ்பவன். அந்த அப்பாவும் அதே பிரிவில் வெட்டியவர்தான்.

“நீதானே அதை அடிச்சது?”

“ஆமா வில்ஃப். உங்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா?”

“எங்களுக்கு உண்மை தெரியாதா என்ன? ‘ரீஸ்ட்ரக்சர்’னு இருந்திருந்தா அப்பாகிட்ட அதையே சொல்லியிருப்பேன். பெரிய வார்த்தை, ஏதோ பெரிய ஏற்பாடுன்னு நெனச்சிருப்பாரு. நான் வீடு போறதுக்குள்ள, பலகையைப் படிச்ச பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கிட்டான். ‘உம் மவனைத் தொரத்திட்டாங்க’ன்னு போட்டு ஒடச்சிட்டான்.”

அன்று முழுக்க ஈனிட்டின் மேசையில் தேநீர் ஆறிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வில்ஃப் வீட்டுக்குப் போனாள். கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“மிஸ்டர் டெபட், உங்க மகனை யாரும் தொரத்தல. பிரிவையே ரீஸ்ட்ரக்சர் பண்றாங்க.”

“அப்படின்னா?”

“இருக்கிறதை மாத்தி அமைக்கிறாங்க.”

கிழவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். “அப்படியா சேதி. மொதல்ல இந்தக் கட்டிலை ஜன்னலோரமா மாத்தி அமைக்கச் சொல்லு. வருஷக்கணக்கா இவன்கிட்ட கேட்டுட்டிருக்கேன்.”

வில்ஃப் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மூவருமாகக் கட்டிலைத் தூக்கினோம், கிழவர் அதன் மேலே இருக்கும்போதே. “சுவத்துல இடிக்காதீங்கடா, இது லாரி இல்ல” என்று அவர் அதட்டிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு ஈனிட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டில்தான். அடுத்த கோடையில் வில்ஃபுக்கு நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை கிடைத்தது. அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஈனிட் தட்டச்சை விட்டுவிட்டுப் பூங்கா வாசலில் ஐஸ்கிரீம் விற்றாள். வெயில் நாட்களில் என் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். “உங்கம்மாவை நம்பாதீங்க, ஆபீஸ்ல பாதி நேரம் தூங்குவா” என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பாள்.