ஹாத்தி-ஹாத்தி

தைப்பிங்கில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மூக்குக்கண்ணாடியில் மழைத்துளிகள் இருந்தன. மடியில் ஒரு பெட்டி. அதன்மேல் மலாயில் 'ஹாத்தி-ஹாத்தி', கவனம் என்று எழுதியிருந்தது. பேருந்து குலுங்கும்போதெல்லாம் பெட்டியை மடியிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள என்னம்மா?"

"அதான் எழுதியிருக்கே அண்ணே. ஈரலுக்கும் மலாய்ல ஹாத்திதானே." சிரித்தாள். "சின்னச் சிப்புலா, விரலளவு தகடு. அதுல தலமுடியாட்டம் வாய்க்கால்ல தண்ணி ஓடும். மனுஷ ஈரல் செல்லு அதுல உயிரோட இருக்கு."

பத்து காஜா ஊரில் ஈரல் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சளாகப் படுத்திருக்கும் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

"அவனுக்கு இத வைக்கலாமா?"

"முடியாதுண்ணே. புது மருந்த அவரு மாதிரி ஆளுங்க குடிக்கிறதுக்கு முன்ன, இது குடிச்சுப் பாக்கும்."

ஈப்போ மலைகள் மழையில் கரைந்துகொண்டிருந்தன. சன்னல் கண்ணாடியில் நீர் முடியிழைகளாக ஓடியது. அடுத்த குலுக்கலில் பெட்டிக்கடியில் என் கையும் இருந்தது. இறங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.