பனிப் பொத்தானுக்குள் பச்சைக் கூழ்

ஊரார் காருக்குள் கையை விட்டுப் பிழைக்கிறவன் பெண்டாட்டிக்கு அருவருப்பெல்லாம் எப்போதோ செத்திருக்க வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வருஷமாகியும் சாகவில்லை. என் புருஷன் சாப்ரியானுக்கு மலையடிவார ஊரான அசெனோவ்கிராத்தில் கார் எலக்ட்ரீஷியன் வேலை. விளக்குப் பிடிப்பதும், கழற்றியதைத் துடைப்பதும் நான். சீட்டைத் தூக்கினால் சூரியகாந்தி விதைத் தொலி, மென்று துப்பிய சூயிங்கம், கத்தை மயிர். சீ! அதைப் பார்த்து இந்த மனுஷன் கார்க்காரர்களைத் திட்டுவது தெருமுனை வரைக்கும் கேட்கும். தன் தப்பென்று ஒன்றை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் தங்கை வெலிச்கா, மலைமேல் இருக்கிற தன் ஊரிலிருந்து காரோடு வந்து நின்றாள். கியர் தானாக மாறும் கார். அவள் புருஷன் ஸ்பாஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். இறங்கும்போது கார் நன்றாகத்தான் வருகிறது. திரும்பி ஏறும்போது பாதி வழியில் திணறி நின்றுவிடுகிறது.

"கியர்பாக்ஸே போச்சுன்னுட்டான் எங்க ஊரு மெக்கானிக். பன்னெண்டு மணிக்குப் பழைய இரும்புக்காரன் இங்க வந்து காரை எடுத்துக்கப் போறான். இனிமே அவர இங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல நோயாளிங்க ஹோம்லதான் விடணும் அண்ணி. அங்க போனா ஒரு மாசங்கூட உசுரோட இருக்க மாட்டேன்னு சொல்றாரு."

"இத்தன நாளா உங்க அண்ணன்கிட்ட ஏண்டி காட்டல?"

"வந்தா திட்டுமே."

சாப்ரியான் சாவியைத் திருப்பினார். ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கிறது; டாஷ்போர்டில் பனிச் சின்னம் எரிகிறது. பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க மூன்றாம் கியரிலேயே வண்டியைக் கிளப்ப, கியர் பக்கத்தில் இருக்கும் பொத்தானின் விளக்கு அது. மலையேற்றத்தில் மூன்றாம் கியரில் கிளம்பினால் எந்தக் காருக்குத்தான் மூச்சு முட்டாது?

"இத யாருடி அமுக்கினா?"

"யாரும் தொடலண்ணே. அமுக்கிப் பாத்தாலும் அணைய மாட்டேங்குது."

பொத்தானின் பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. அப்படியானால் வயரில் கோளாறில்லை. பிறகு பொத்தானின் கம்பிகளில் மீட்டரை வைத்தார். பொத்தானில் விரலே படவில்லை, மீட்டர் கீச்சென்று கத்தியது.

"கியர்பாக்ஸ் குத்துக்கல்லாட்டம் இருக்கு. பொத்தானுக்குள்ளதான் என்னமோ ஒட்டிக்கிச்சு. யாரோ எந்நேரமும் அமுக்கிட்டே இருக்கறதா வண்டி நெனைக்குது."

திறந்தார். உள்ளே பச்சைக் கூழ். அதில் ஊறிய விதைத் தொலி, பாதி ஈ.

"பன்னிங்களா! இது காரா, தொழுவமா? உன் புருஷன் தின்னு துப்பறதும், நீ பாத்துட்டு உக்காந்திருக்கறதும்! தூ!"

வெலிச்கா அழுதுகொண்டே வெளியே போனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூழைத் துடைத்தேன். பிடித்த மூச்சை விட்டதும் வாசனை ஏறியது. சோம்பும் புதினாவும்.

எனக்குப் பகீரென்றது. போன வருஷம் வெலிச்கா இந்தக் காரை வாங்கியதும், புது வண்டியைச் சாராயத்தால் நனைக்கும் வழக்கப்படி கூடியிருந்தோம். எல்லோரும் சக்கரத்தில் ஒரு சொட்டு விட்டார்கள். இந்த மனுஷன் மட்டும், புதினாப் பாகு கலந்த சோம்புச் சாராயம் ஐந்து டம்ளர் உள்ளே போன தெம்பில், "வண்டிக்கு வாய் உள்ளதானே இருக்கு!" என்று ஆறாவதைக் கியர் மேலேயே கவிழ்த்தார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துணியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகம் கறுத்துவிட்டது. ஸ்பிரிட்டால் பொத்தானைக் கழுவி, தகட்டைச் சுரண்டி, திரும்ப மாட்டினார். அமுக்கினால் எரிந்தது, மறுபடி அமுக்கினால் அணைந்தது. பின்னாலிருக்கும் மேட்டில் ஓட்டிப் பார்த்தார். கார் சிரமமில்லாமல் ஏறியது. மணி பதினொன்று.

"என்னண்ணே கொட்டியிருந்துச்சு?" என்றாள் வெலிச்கா.

"காபி. மாப்ளதான் கொட்டியிருப்பாரு" என்றார்.

அவள் அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தை வைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

"என் கைதான் நடுங்குதே. நான்தான் கொட்டியிருப்பேன்" என்றது ஸ்பாஸின் மெலிந்த குரல். "மன்னிச்சிடுங்க மச்சான்."

"பரவால்ல மாப்ள. இனிமே பாத்து இருங்க."

அந்தப் பாதி ஈகூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இல்லை. இந்த ஆளோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டேன்? போனைப் பிடுங்கினேன்.

"நீங்க ஒண்ணுமே கொட்டலண்ணே. கார் வாங்கின அன்னிக்குக் குடிச்சுட்டு ஊத்தினது இவருதான்."

வெலிச்கா அண்ணனையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் போகட்டும்மா" என்றார் ஸ்பாஸ். "கார் மலையேறுமா?"

"ஏறும்ண்ணே."

"அப்போ, ஹோமுக்குன்னு கட்டி வச்ச பெட்டியப் பிரிச்சிடவா?"