அமாவாசை வோல்டேஜ்

மிக்ஸி சூடாகிக் கருகல் வாடை எழும்போதெல்லாம் என் வலது கட்டைவிரல் இன்றும் விறைத்துக்கொள்கிறது. எழுபதுகளில், காரைக்குடியில் ரைஸ்மில்லை ஒட்டிய தகரக் கொட்டகையில், சித்தப்பாவும் சித்தியும் மின்சார விளையாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். தையல் மெஷின் மோட்டார் சுற்ற, வட்டமாகப் பதித்த பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். வெளிச்சம் சிவப்பு பல்புக்கு வரும் கணத்தில் பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கும். ஆடிப் பார்ப்பது நான். பக்கத்தில் மில் ஓடினால் தகரம் அதிரும், எங்கள் கரண்ட் இளைத்துவிடும், வெளிச்சம் தள்ளாடி நடக்கும். ஈயம் பற்றவைத்தபடியே சித்தி, "இன்னுங் கொஞ்சம் வேகங் கூட்டுனீகன்னா நல்லாருக்கும்" என்பாள், சித்தப்பா கூட்டுவார், நான் அமுக்கிக்கொண்டே இருப்பேன்.

பொருட்காட்சிக்குப் பெட்டிகள் வாங்கப் பள்ளத்தூர்க்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. நல்ல நாளாயிற்றே என்று அமாவாசையன்று வரச் சொன்னார் சித்தப்பா. பள்ளத்தூர்க்காரர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருப்பது எனக்கு உறைத்தது. அமாவாசைக்கு மில் லீவு, கரண்ட் இளைக்காமல் முழுசாக வரும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் அலறியது, கருகல் வாடை கிளம்பியது, வெளிச்சம் ஓடிய ஓட்டத்தில் வட்டம் முழுக்க ஒரே விளக்காக நின்றது. கண்டபடி அமுக்கினேன். மணி அசையவே இல்லை.

"எல்லாப் பல்பும் ஒண்ணாத்தான எரியுது தம்பி, இதுல வெளையாட்டு எங்குட்டு இருக்கு?" என்றார் வந்தவர்.

"நாளைக்கு வாரீகளா? மில்லு ஓடும்" என்றாள் சித்தி.

அவருக்கு அது விளங்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மில் ஓடியது. வெளிச்சம் நிதானமாக நடந்து வந்தது. அமுக்கிய தடவையெல்லாம் மணி அடித்தது. சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.