அக்கா ஊதிக் கொடுத்த பை

அக்காவைச் சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது எனக்கு ஏழு வயது. நாங்கள் ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தோம். கண்ணாடிப் போத்தலை ரப்பர் பாலில் பலமுறை முக்கிக் காயவைத்து உரித்தால் நல்ல பை கிடைக்கும். எங்களுக்கு அதுதான் பந்து. புறப்படுகிற அன்று அக்கா அப்படியொரு பையைத் தேங்காய் அளவுக்கு ஊதி, வாயை நூலால் கட்டிக் கொடுத்தாள்.

"அழுவாதடி. என் மூச்சு ஒன்கிட்டதான இருக்கு. தைப்பூசத்துக்கு வாரேன்லா."

அந்த மூச்சைக் காப்பதே அதற்குப் பிறகு என் உத்தியோகம். வெயில் பட்டால் வீங்கும் என்று, எப்போதும் குளுகுளுவென்றிருக்கும் தண்ணீர்ப் பானை ஓரத்தில் வைத்திருந்தேன். அப்படியும் ஒரே வாரத்தில் பை தொளதொளத்துப் போனது. பயந்துபோய், அதைத் தேயிலை டப்பாவுக்குள் திணித்து மூடினேன். மூடியை அழுத்தினால் உள்ளிருந்து முட்டித் தள்ளியது. அக்காவுக்குப் பலம் வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி தளர்ந்ததும் அதைவிடச் சின்ன டப்பா. கடைசியில் அப்பாவின் சுண்ணாம்பு டப்பி.

பல வருஷம் கழித்து என் மகன் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். சூடு மாறாமல், அதே காற்றைப் பாதி இடத்தில் அடைத்தால் அது இருமடங்கு அழுத்தும் என்றான். அடுப்படியில் நின்றிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் இறுக்க இறுக்க, இருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் அல்லவா இன்னும் வேகமாகக் கசிந்து போயிருக்கிறது!

தைப்பூசத்துக்கு அக்கா வரவில்லை. மறு வருஷம் வந்தாள், இருமலோடு, எலும்பும் தோலுமாக. அவள் இனிப் பிழைக்கமாட்டாள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கோ அவள் வந்ததே போதும். அவளுக்காகவே செய்து வைத்திருந்த புதுப் பையை நீட்டினேன். அம்மா தடுத்தும் கேட்காமல், அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி ஊதினாள். எலுமிச்சம்பழ அளவு வந்ததும் கட்டிக் கொடுத்தாள்.

"இவ்ளோதான் முடியிது. வச்சிக்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன தடவை தேங்காய் அளவு, இப்போது இதுதானா? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலை அவிழ்த்துக் காற்றை விட்டேன். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.