இருபது வினாடியில் எழுதிய பட்டியல்

1. நாளைக் காலை எட்டு மணி

மாவட்ட அரசு அலுவலகமான கச்சேரியிலிருந்து தொலைபேசி வந்தபோது அட்டனில் மூன்றாவது நாளாக மழை விடவில்லை. தேயிலைக் கம்பனி ஒன்றின் பிராந்திய அலுவலகத்தில் நான் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். பிரிவு என்றால் இரண்டு கணினிகள், ஒரு பிரிண்டர், தட்டெழுத்தராக இருந்து கணினிக்கு மாற்றப்பட்ட புனிதா, நான். அதற்கு முன் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வருடம் கிளாக்கர் வேலை. சுற்றறிக்கையின் இலக்கத்தைச் சொன்னால் மூன்றாம் பந்தியை ஒப்பிக்கக்கூடியவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதைப் பாராட்டாகச் சொன்னவர்கள் குறைவு.

மனேஜர் என் மேசைக்கே வந்தார். அது நல்ல சகுனம் அல்ல.

"நடராசா, மலை வெடிச்சு சரியப் போற இடமெல்லாம் கொழும்பு ஆக்கள் வந்து மார்க் பண்ணிட்டாங்க. எந்த லயத்துல யார் இருக்காங்க, யாரை அங்கயிருந்து எழுப்பணும்னு லிஸ்ட் கேக்குறாங்க. பத்துத் தோட்டம். தோட்டத்துக்கு ஒரு எக்செல் பைல். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கச்சேரியில இருக்கணும்."

"போன தடவை இந்த மாதிரி லிஸ்டுக்கு ஒன்பது நாள் போச்சு சேர்."

"போன தடவை மழை இல்ல."

தோட்டங்களின் நலன்புரி உத்தியோகத்தர்கள் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் எடுத்த விவரம் டிஸ்க்கெட்டுகளில் ஏற்கெனவே வந்திருந்தது. ஒரு வரிக்கு ஒரு குடித்தனம்: வேலைப் பதிவேட்டின் செக்ரோல் நம்பர், பெயர், லயம், காம்பரா எனும் அறை, எத்தனை பேர், அபாயம் உண்டா இல்லையா. அதை எக்செலில் போடுவதுதான் பாடு. நாங்கள் வைத்திருந்த பழைய புரோகிராம் எக்செலைத் திறந்துவைத்து, மனிதர் தட்டுவது போலவே ஒவ்வொரு கட்டமாக நிரப்பும். ஒரு தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து. மழைக்காலத்தில் அட்டனில் மின்சாரம் போகாத நாளும் கிடையாது.

2. நூலகம்

அப்போது நான் பெர்ல் மொழி படித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு என்று மனைவி கேட்டாள். அந்த மொழியில் எக்செல் கோப்பை நேரடியாக எழுத ஒரு நூலகம் உண்டு. யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த நிரல்களின் கட்டு அது. எக்செலைத் திறக்கவே வேண்டாம். வரியைக் கொடுத்தால் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. தோட்டங்களிலிருந்து வரும் விவரத்தில் ஒரே குடித்தனத்தை இரண்டு தடவை அடித்திருப்பார்கள். முந்திய பட்டியலில் அப்படி இரட்டை வரிகள் இருந்ததற்காகக் கச்சேரியில் மனேஜரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் திரும்பி வந்து என்னை நிற்கவைத்தார். ஆகவே இம்முறை செக்ரோல் நம்பரைச் சாவியாக வைத்து எல்லா வரிகளையும் முதலில் ஒரு ஹாஷில் போட்டேன். ஹாஷ் என்பது பெயரொட்டிய இழுப்பறைகள் மாதிரி. ஒரு நம்பருக்கு ஓர் இழுப்பறை. அதே நம்பரில் இன்னொரு வரி வந்தால் முன்னது போய்விடும், பின்னது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

புனிதா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே நம்பரு ரெண்டு தடவ வந்தா என்னாகும் ஐயா?"

"ஒண்ணு போயிரும். அதுதான் வேணும்."

"ரெண்டும் வேற வேற ஆளா இருந்தா?"

"ஒரு தோட்டத்துல ஒரு நம்பர் ஒரு ஆளுக்குத்தான். சுற்றறிக்கை இருக்கு."

அவள் தன் மேசைக்குப் போனாள். சுற்றறிக்கை என்று நான் சொன்ன பிறகு யாரும் கேட்பதில்லை.

பத்துக் கோப்புகளும் இருபது வினாடியில் வந்தன. மனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் இருபது வினாடி. "ஒன்பது நாள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" என்று புனிதாவைப் பார்த்துக் கேட்டார். ஒன்பது நாளும் அவள் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை.

3. பெரட்டுக் களத்தில் ஒரு மேசை

வியாழக்கிழமை வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். காலையில் நம்பர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டிருந்தது. பட்டியலில் பெயருக்கு நேரே அபாயம் என்று இருந்தால் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். துண்டு இருப்பவர்களுக்கு மூடிக் கிடந்த பழைய தொழிற்சாலையின் மேல்மாடியில் இடம்.

மாரியாயி வந்தபோது வரிசை முடியும் நேரம். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். நனைந்த கம்பளியைத் தலையில் போட்டிருந்தார்.

"எம்பேரு இல்லேங்கிறாங்கங்க. கீழ இருக்கிற பணிய லயம், நாலாவது காம்பரா. எங்க லயத்துல எல்லாருக்கும் துண்டு குடுத்தாச்சு."

"நம்பர்?"

"இருநூத்திப் பதினாலுங்க."

பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு இருந்தது. செல்வராஜ், மேட்டு லயம், அபாயம் இல்லை.

"அது எம் மகனுங்க."

பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "ஒன்னைய செத்துட்டேன்னு எழுதிட்டாங்க போல அக்கா."

"செத்திருந்தா இந்த மழையில வந்து வரிசையில நிப்பேனாடி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மகன் வீடு மேட்டு லயம்தானே அம்மா, அங்க போய் இருங்களேன்."

"ஒத்தக் காம்பராவுல அஞ்சு பேருங்க. மருமக புள்ளப் பெத்து பத்து நாளுதான் ஆகுது. நான் எங்க போய்ப் படுக்கிறது?"

பக்கத்தில் நின்ற முத்தையா கங்காணி குனிந்து சொன்னார்: "ஐயா, இந்தம்மா பணிய லயம்தாங்க. மலை வெடிச்சிருக்கிறது அவங்க காம்பராவுக்கு நேர் மேலதான். நான் சாட்சி. கீழ ஒரு வரி எழுதிப் போடுங்க."

பட்டியலில் கையால் பெயர் சேர்க்கக் கூடாது. முன்பொரு முறை வேண்டியவர்களின் பெயரை எழுதிச் சேர்த்துக் குளறுபடி ஆனதால் வந்த கட்டளை அது. அதை வாசித்துத் தோட்டங்களுக்கு விளக்கிய ஆளே நான்தான். விடுபட்ட பெயருக்கு ஒரு படிவம் உண்டு. நலன்புரி உத்தியோகத்தர் ஒப்பமிட்டு, தோட்டத்தை நடத்தும் துரை ஒப்பமிட்டு, அட்டனுக்கு வர வேண்டும். மூன்று நாள். படிவத்தை நானே நிரப்பி மாரியாயியிடம் கொடுத்தேன். அதை நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இத வச்சா மேல ஏற விடுவாங்களா?"

"இல்ல. இத வச்சா மூணு நாள்ல துண்டு வரும்."

அவர் படிவத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பணிய லயத்துக்கு இறங்கிப் போனார்.

4. சனிக்கிழமை

மண் சரிந்தது சனிக்கிழமை மத்தியானம். பணிய லயத்தின் கீழ்ப் பாதி ஓடையில் போய் விழுந்தது. மற்றக் காம்பராக்கள் காலியாக இருந்தன. பட்டியல் அந்த அளவுக்குத் தன் வேலையைச் செய்திருந்தது. ஒரே ஓர் ஆள் உள்ளே இருந்தார். பக்கத்தில் யாரும் இல்லாததால் அவர் கூப்பிட்டாரா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

தகவல் வந்ததும் நான் செய்தது, புரோகிராமில் இரண்டு வரி சேர்த்ததுதான். உள்ளே போன வரிகள் எத்தனை, வெளியே வந்த வரிகள் எத்தனை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பத்துத் தோட்டங்களிலும் சேர்த்து நாற்பத்தொன்று குறைந்தது.

நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். உண்மையான இரட்டை வரிகள் ஆறுதான். மிச்சம் முப்பத்தைந்தும் தாயும் மகனும், தகப்பனும் மகளும். எங்கள் தோட்டங்களில் ஓய்வு பெறுகிறவர் தன் நம்பரைப் பிள்ளைக்கு விட்டுப் போவது வழக்கம். பிள்ளைக்கு வேலை நிச்சயம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஓய்வு பெற்றவருக்கு அதன் பிறகு நம்பர் கிடையாது. ஆனால் லயத்தில் யார் வந்து கேட்டாலும் முப்பது வருடம் பெரட்டில் கை தூக்கிய நம்பரைத்தான் சொல்வார். உத்தியோகத்தரும் அதையே எழுதுவார். சுற்றறிக்கையில் இது இல்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. கந்தப்பளையில் பதினெட்டு வருடம் அப்பன் நம்பரைப் பிள்ளை பெயருக்கு மாற்றி எழுதியது என் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனேன். படிவம் எதுவும் இல்லாமல் முப்பத்துநான்கு பேருக்கு என் கையாலேயே துண்டு எழுதிக் கொடுத்தேன். கட்டளையை மீறியதாக யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. வியாழக்கிழமையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

5. அதன் பிறகு

விசாரணைக்கு ஒரு பக்க அறிக்கை கேட்டார்கள். 'கணினித் தவறு' என்று மனேஜர் சொன்னார், நான் எழுதினேன். கணினி தனக்கு இட்டதைத் தவறில்லாமல் செய்திருந்தது. புனிதா அதைத் தட்டும்போது அந்தச் சொல்லுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். "நீங்களே அடிச்சுக்கிருங்க ஐயா" என்றாள். நானே அடித்தேன்.

இப்போது ஆயிரக்கணக்கான வரியை ஒரு நொடியில் எழுதும் நூலகங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் என்னிடம் வேகத்துக்கு வழி கேட்கிறார்கள். வழி சொல்கிறேன். கூடவே, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணுங்கள், குறைந்த ஒவ்வொரு வரியையும் மனிதக் கண்ணால் வாசியுங்கள் என்றும் சொல்கிறேன். தாளில் இல்லாத ஓர் ஆள் மேசைக்கு முன்னால் வந்து நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தாளை. இதை நான் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தது நான் அல்ல.

தாயின் காரியம் முடிந்து செல்வராஜ் அட்டனுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு வேற நம்பரு போட்டுத் தர முடியுங்களா? காலையில பெரட்டுல அதக் கூப்புடுறப்ப கை தூக்க முடியலைங்க."

வேலையில் இருப்பவரின் நம்பரை மாற்ற விதியில் இடமில்லை. ஆனாலும் எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: இடமில்லை. நான் ஓய்வு பெற்ற வருடமும் அவர் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார், அதே நம்பரில். பெரட்டில் ஆள் பிரிக்கும் கணக்கப்பிள்ளை மட்டும் அவருடைய முறை வரும்போது நம்பரை விட்டுவிட்டு, "செல்வராஜ்" என்று பெயரைக் கூப்பிடுவாராம்.