பின்பக்கம் சொருகும் டிவி

போன வாரம் மகனோடு டிவி வாங்கப் போயிருந்தேன். திருத்தணியிலேயே இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பெரிய கடை வந்துவிட்டது. மகன் டிவி என்று சொன்னாலும் அவனுக்கு அது வேண்டியிருந்தது கேம் ஆடுவதற்கு. பட்டனை அமுக்கினால் அதே நொடியில் கார் திரும்பும், கொஞ்சம்கூடத் தாமதம் இருக்காது என்று விற்கிற பையன் திரைக்குத் திரை ஓடி ஓடி விளக்கினான். நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன். கடையில் வாய் திறக்க எனக்கு இன்னமும் கூச்சம். தக்காளி விலையைக்கூடப் பக்கத்து ஆள் கேட்கும்வரை காத்திருந்து தெரிந்துகொள்கிற ஆள் நான்.

அந்தப் பையன் ஜாய்ஸ்டிக் ஒன்றை என் கையில் கொடுத்து, "ஆடிப் பாருங்கம்மா" என்றான். வாங்கினதும் நான் செய்த முதல் வேலை அதன் முதுகைத் தடவிப் பார்த்ததுதான்.

"இன்னாம்மா தேடற?" என்றான் மகன்.

"ஒயரு எங்கடா?"

"இதுக்கு ஒயரே கெடையாதும்மா."

அத்தனை ஏசியிலும் என் காது சூடானது. ஏன் என்று மகனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டில் தறி இருந்தது, டிவி இல்லை. திருத்தணியில் மலையடிவாரத் தெருவில் இருந்த அத்தை வீட்டில்தான் டிவி இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தமெல்லாம் அங்கே வந்து இறங்கும். நானும் நைனாவும், என் அப்பாவைத்தான் சொல்கிறேன், முன்னாடியே போய்விடுவோம். அந்த வீட்டு வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. மூலையில் சாத்தி வைத்த காவடியில் பூ வாடுகிற வாசனை, விபூதி, அதோடு டிவி சூடாகிப் பின்பக்கம் தூசி வேகிற வாசனை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சாமி வாசனை.

அத்தை மகன் சீனு பாவா என்னைவிட ஆறேழு வயது பெரியவர். அவரிடம் கேசட் போட்டு ஆடுகிற கேம் பெட்டி இருந்தது. தூசி படும் என்று அதை டிவிக்குப் பின்னால் வைத்து, பூ போட்ட துணி ஒன்றைத் திரை மாதிரி தொங்கவிட்டிருப்பார். ஜாய்ஸ்டிக் ஒயர் இரண்டும் அந்தத் துணிக்கு அடியிலிருந்து வெளியே வரும். அந்த வருஷம், என்ன நினைத்தாரோ, ஒன்றை என்னிடம் நீட்டி, "செவப்புக் காரு உன்னுது, ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். கட்டைவிரல் தோல் உரிகிற வரைக்கும் ஓட்டினேன். வளைவு வந்தால் நானும் உடம்போடு சாய்வேன். நான் அமுக்குகிற பக்கம் சில நேரம் கார் போகாது. எனக்குத்தான் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். பிறவிக் கூச்சக்காரிக்கு எதிலும் தன் தப்புதானே முதலில் தெரியும்.

தெப்பத் திருவிழாவன்று சாயங்காலம், எல்லாரும் சரவணப்பொய்கைக்குக் கிளம்பத் தயாராகிக் கூடத்தில் நிற்கும்போது சிவப்புக் கார் முதலாவதாக வந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். அதற்கு முன்னால் நான் எதற்கும் கத்தினதில்லை. அத்தை பஞ்சாமிர்தத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். "எம் பொண்ணா ஜெயிச்சிச்சி?" என்று நைனா பக்கத்தில் வந்தார்.

பாவா அதற்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. துணியைத் தூக்கி, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி என் ஒயரின் முனையைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க மாமா! சொருகவே இல்ல. இத்தினி நாளா சும்மா அமுக்கிகினு கீது இந்தப் பொண்ணு. அந்தக் காரு தானா ஓடற காரு!"

கூடமே சிரித்தது. நைனாவும் சிரித்தார். நைனா மேல் கோபத்தை வைக்க முடியாது. அதனால் அந்தப் பங்கையும் சேர்த்துப் பாவா மேலேயே வைத்தேன். கையில் இருந்த பஞ்சாமிர்தத்தைத் தின்னவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

அன்றோடு என் பேர் போனது. அப்புறம் எல்லாருக்கும் நான் 'ஒயரு'தான். பஸ் ஸ்டாண்டில், "ஏ ஒயரு, எங்க போயிகினு கீற?" என்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்தது, வேலைக்கு ரயிலேறினேன், அந்தப் பேரும் என்னோடு ஏறியது. கல்யாணத்தில் பாவா மேடையேறி என் வீட்டுக்காரர் காதருகே, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துக்கோங்க, ஒயரு சொருகாமயே வேலை செய்யற பொண்ணு இது" என்றார். புகுந்த வீட்டுக்கும் பேர் போய்ச் சேர்ந்தது. என் மாமியார் அர்த்தம் தெரியாமலே, "ஒயரு, காப்பி போடும்மா" என்று அன்பாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தப் பேரைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை.

அதற்குள் நாங்கள் திருத்தணிக்கே குடிவந்திருந்தோம். வீட்டுக்கு முதல் டிவி. மார்க்கெட் பக்கத்துக் கடையில் என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கேட்டார், கலரைப் பார்த்தார். நான் ஒவ்வொரு டிவிக்கும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

"இத பாருங்கம்மா, முன்னாடியே சாக்கெட் கீது. கேம் ஆடறதுக்கு இதான் வசதி" என்றார் கடைக்காரர்.

"பின்னாடி மட்டும் இருக்கறது வேணும்."

"இன்னாம்மா, ஊரே முன்னாடி கேக்குது, நீ பின்னாடி கேக்குற?"

முன்னால் சொருகினால் கேம் பெட்டியையும் முன்னால் வைக்க வேண்டும். ஒயர் போகிற இடமெல்லாம் தெரியும். இதை நான் அவரிடம் சொல்ல முடியுமா? "பின்னாடி" என்று மட்டும் மறுபடி சொன்னேன். அந்தக் கடையிலேயே பழைய மாடல், முதுகு பெருத்த டிவி வீட்டுக்கு வந்தது. சென்னை பிளாட்பாரத்தில் அதே மாதிரி கேம் பெட்டியும் அதே கார் கேசட்டும் கிடைத்தன. பூ போட்ட துணியை நானே தைத்தேன்.

"இந்தக் கிருத்திகைக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கே வாங்க" என்று ஆளனுப்பினேன். "மருமகளுக்குச் சொந்தம்னா உசுரு" என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னார்.

பாவா தொந்தியும் மனைவியும் சின்னப் பெண்ணுமாக வந்தார். "இன்னா ஒயரு, டிவிலாம் பெருசா கீது!" என்றபடி உட்கார்ந்தார். "செவப்பு உங்களுது பாவா" என்று ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தேன். வாங்கினதும் ஒயரைச் சுண்டி இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை. "ஆங், சொருகித்தான் கீது" என்று கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் இழுப்பார் என்று எனக்குத் தெரியாதா? முனையை டிவி மேஜைக் காலில் கட்டியிருந்தேன். தறிக்காரன் மகள் போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

ஆனால் சிவப்புக் கார் என் பேச்சைக் கேட்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றவரிடம் ஒயரைக் காட்டினால் அவருக்கு அது ஆறுதலாகப் போய்விடும். ஜெயிக்க வேண்டும் அவர். கடைசியில் என் நீலக் காரைப் புல்லில் ஏற்றி நிறுத்திக்கொண்டேன். மற்ற கார்கள் ஒன்றில் ஒன்று முட்டின. சிவப்பு முதலில் வந்தது.

பாவா துள்ளி எழுந்தார். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, நைனா ஜெயிச்சிட்டேன்!" என்றார். அந்தக் குழந்தை கைதட்டிக் கூச்சலிட்டது.

சொல்வதற்கென்று ஒரு வசனம் பல வருஷமாக வைத்திருந்தேன். வாய் வரவில்லை. துணியை மட்டும் ஒதுக்கினேன். மேஜைக் காலில் கட்டின ஒயர் எல்லாருக்கும் தெரிந்தது.

முதலில் சிரித்தது என் நைனா. வயசான பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் கூடமே சிரித்தது. "அப்போ யாரு நைனா ஓட்டுனது?" என்று தோளிலிருந்து குழந்தை கேட்டது. பாவா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

பாவமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அன்று பொய்கையில் ஏற்றின விளக்கெல்லாம் எனக்காக ஏற்றினது போலிருந்தது. பஞ்சாமிர்தத்தை வழித்துத் தின்றேன். அடுத்த நாளே சொந்தத்தில் அவர் 'ஒயரு பாவா' ஆனார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அந்த டிவி இப்போது இல்லை. காயலான் கடைக்காரர் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனார். கேசட்டும் போனது. கிருத்திகைக்குச் சொந்தம் காரில் வந்து, மலையேறி, அன்றைக்கே திரும்பிவிடுகிறது. கூடத்தில் படுக்க யாரும் இல்லை. போன வருஷம் பாவாவிடம் போனில் பேசும்போது, ஆசை அடங்காமல், "அந்த ஒயரு ஞாபகம் இருக்குதா பாவா?" என்றேன்.

"எந்த ஒயரும்மா?" என்றார். நடிப்பில்லை. என்னைப் பார்த்துக் கூடத்தையே சிரிக்க வைத்ததும் ஞாபகம் இல்லை, தான் தலைகுனிந்ததும் ஞாபகம் இல்லை, இரண்டையும் துடைத்து எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார் மனிதர்.

கடையில் அந்தப் பையனிடம் கூச்சத்தை விட்டு ஒன்று கேட்டேன். "இது டிவியோட சேராம இருந்தா கையில வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. சேர்ந்தாத்தான் இந்த லைட்டு எரியும்."

குட்டி லைட். ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் மறைந்துவிடும். ஆனால் அதைக் கையில் வாங்கி ஆடி, ஏமாந்து வெட்கப்படுவதற்கு, எதையும் மறக்காத ஒரு பாவா வேண்டுமே. அவரைத்தான் இப்போது எந்தக் கடையிலும் காணோம்.